சிறுத்துப் போன மீனுக்கு ஒரு சத்தியம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், அம்மா சமையல் வேலை பார்த்த சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவில், ஒரு எவர்சில்வர் தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் எரிந்திருந்தால் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பேன். அது என் அம்மாவுக்காக ஏற்றப்பட்டது. பள்ளிச் சீருடையோடு ஒரு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த எனக்கு, யாரோ விளையாட்டுக்குச் செய்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அப்படி இல்லை என்று புரிந்தது.

சூடத்தை ஏற்றியவர் முதலாளியம்மா. இத்தனை வருஷம் கழித்து ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அன்பானவர்களைத்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்குச் சோறூட்டியவர்கள், படிக்க வைத்தவர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் பேனாவை எடுத்தால் வருவது இவர்தான். தங்க நிற ஃபிரேம் கண்ணாடி, கழுத்தில் அப்பிய பவுடர், கல்லாவுக்குப் பின்னால் உயரமான நாற்காலி. கடைக்குள் வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பார். நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொல்கிறேன்: பள்ளி விட்டு வந்ததும் எனக்கு மைலோ கலந்து கொடுக்கச் சொன்னவரும் அவர்தான். அந்த மைலோவை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது.

அந்தக் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது மீன் தலைக் கறி. ஈக்கான் மேரா என்று நாங்கள் சொல்லும் சிவப்பு மீனின் தலையை மண்சட்டியில் வைத்து, புளியும் வெண்டைக்காயும் சேர்த்துக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைப்பார்கள். முதலாளியம்மா அதற்கு ஒரு விதி வைத்திருந்தார். தலை குழம்பில் மூழ்கக் கூடாது. மீனின் வாய் குழம்புக்கு மேலே திறந்து நிற்க வேண்டும். சட்டி மேசைக்குப் போகும்போது சாப்பிட வந்தவர்கள் அனைவரும் திரும்பிப் பார்க்க வேண்டும். அம்மா சமைத்த சட்டிகள் அப்படித்தான் போயின. கோலாலம்பூரின் பெரிய அலுவலகங்களிலிருந்து டை கட்டியவர்கள் வந்து, அந்த வாயைப் பார்த்துவிட்டுத்தான் கையைக் கழுவப் போவார்கள்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்த வருஷம் தலைகள் சிறுக்கத் தொடங்கின. ஒரே நாளில் நடந்துவிடவில்லை. கிள்ளானிலிருந்து காலையில் வரும் மீன் லோரி சில நாள் பிந்தி வந்தது, சில நாள் வரவே இல்லை. காற்று இல்லாத மாதத்தில் காற்றடிக்கிறது, படகு போகவில்லை என்பார் லோரிக்காரர். வந்த பெட்டிகளில் ஐஸ் அதிகமாகவும் மீன் குறைவாகவும் இருந்தன. கெம்போங் என்று நாங்கள் சொல்லும் கானாங்கெளுத்தியைப் பொரித்தால் ஒரு தட்டுக்கு ஒன்று போதும் என்றிருந்தது போய், இரண்டு வைத்தாலும் தட்டில் இடம் மிஞ்சியது. தலைக் கறியில் இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. வாய் குழம்புக்குள் இறங்கிவிட்டது.

"என்னா முதலாளிமா, தலை ஸ்விம்மிங் போயிருச்சா?" என்று வாடிக்கையாளர் ஒருவர் கரண்டியால் குழம்பைத் துழாவிக்கொண்டே கேட்டார். கடையே சிரித்தது. முதலாளியம்மாவும் சிரித்தார். அந்த வாரமே புதுச் சட்டிகள் வந்தன. பழையதைவிடக் கையகலம் சிறியவை. தலைகள் மறுபடியும் வாயைத் தூக்கி நின்றன. ஆனால் சாப்பிடுகிறவர்களின் கண்ணை ஏமாற்றினாலும் வயிற்றை ஏமாற்ற முடியவில்லை. பேச்சு நிற்கவில்லை. நல்ல தலையெல்லாம் எங்கே போகிறது என்று பழைய வாடிக்கையாளர்களே கேட்கத் தொடங்கினார்கள். அதற்குப் பதிலாகத்தான், இவள் திருடி வெளியே தள்ளுகிறாள் என்று அவர் என் அம்மாவைக் காட்டினார்.

முதலில் பையைச் சோதித்தார்கள். பின்கதவில், தட்டுக் கழுவுகிறவர்கள் பார்க்க, அம்மாவின் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார்கள். உள்ளே ஒரு மாற்றுச் சட்டையும் என் கணக்குப் புத்தகமும் இருந்தன. பையில் இல்லை என்றால் வேறு யார் மூலமோ வெளியே போகிறது என்றார் முதலாளியம்மா. அதற்கு மறுநாள்தான் சூடம்.

"அடிச்சு சத்தியம் பண்ணு. எடுக்கலன்னா ஒனக்கு என்னா பயம்?"

"நான் எடுக்கல முதலாளிமா. கடவுள் சத்தியமா எடுக்கல."

"வாயால சொல்றது யாருக்கு வேணும்? கைய வை."

சூடம் அடித்துச் சத்தியம் செய்வதை நம்மில் பலர் பார்த்திருப்பார்கள். சட்டென்று உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட வேண்டும். பெரிதாகச் சுடாது. அம்மா அடிக்கவில்லை. கையைத் தாழ்த்தி, சுடர் மேலேயே வைத்து, முதலாளியம்மாவின் கண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "போதும், போதும்" என்று கழுவும் தொட்டியிலிருந்து ஒரு அக்கா கத்தினார். அதன் பிறகே சுடர் அணைந்தது. அன்று பிற்பகல் அந்தக் கையால்தான் அம்மா மீன்களுக்கு உப்பும் மஞ்சளும் தடவினார். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. நான் மைலோ குடிக்கவில்லை.

அடுத்த நாளும் லோரி வந்தது. தலைகள் சிறியதாகவே இருந்தன. பொய்ச் சத்தியம் செய்தவள் என்று இப்போது ஒரு பட்டமும் கூடிவிட்டது. அம்மா வேலையை விட்டார். அந்தத் தெருவில் கடைக்குக் கடை சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கே போய்க் கேட்டாலும் "கொஞ்சம் கை நீளமாமே" என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். கொள்கலன் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா கிள்ளானுக்கு வீடு மாற்றினார். அம்மா ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் காய் நறுக்கப் போனார். சமைக்க அல்ல, நறுக்க. மீன் தலையை வாய் திறக்க வைத்தவர், வெங்காயமும் முட்டைக்கோஸும் நறுக்கினார். அதைப் பற்றி அம்மா ஒருநாளும் புலம்பியதில்லை. அவருக்காகவும் சேர்த்து நான்தான் எண்ணிக் குமைந்தேன்.

பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் படித்தபோது ஒரு வகுப்பில் விரிவுரையாளர் கடல் சூடேறுவதைப் பற்றிப் பேசினார். தண்ணீர் சூடானால் அதில் கரையும் பிராணவாயு குறைகிறது, மீனின் உடம்புக்கோ சூட்டில் இன்னும் அதிகமாக வேண்டியிருக்கிறது, அதனால் பல இனங்கள் சின்னதாகவே நின்றுவிடலாம், சில குளிர்ந்த ஆழத்தைத் தேடிப் போய்விடும் என்று மிகச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். இழுவைப் படகுகள் குஞ்சையும் விடாமல் வாரியதையும், கரையோரக் கடலைத் தூர்த்ததையும் சேர்த்தே சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். எனக்கு அம்மாவின் உள்ளங்கைதான் தெரிந்தது. திருடியது யார் என்று இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது, அந்தக் கடையில் மட்டும் தெரியவில்லையா? வகுப்பு முடிந்ததும் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அம்மா எடுக்கவில்லை என்று அந்தப் பொம்பளையை ஒருநாள் சொல்ல வைப்பேன் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். படித்த பெண் இப்படி நினைக்கலாமா என்றும் உடனே கேட்டுக்கொண்டேன். நினைக்கலாம் என்றே பதில் வந்தது.

இப்போது நான் கிள்ளானுக்கு அருகே தெலுக் பங்லிமா காராங்கில், வெளிநாட்டு உறைமீன் இறக்குமதி செய்யும் ஒரு குளிர்க் கிடங்கில் வேலை செய்கிறேன். உள்ளூர் மீன் குறையக் குறைய எங்கள் மாதிரி இடங்கள் பெருத்தன. கிள்ளான் பாசாரில் எங்களுக்கு மீன் வெட்டித் தந்த அங்கிள் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வாடகைக் கார் ஓட்டப் போனார். அவர் கடையில் ஐஸ் உடைத்தவர்கள் எங்கே போனார்களோ தெரியாது. உணவுக் கடைக்காரர்களோ எங்கோ தூரக் கடலில் பிடித்த தலைகளுக்காக எங்களுக்குத் தொலைபேசி அடிக்கிறார்கள். கண்டெய்னர் வந்ததும் எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி என்று பிரித்து அனுப்புவது என் பொறுப்பு.

அப்படி ஒரு காலையில் அந்தக் குரல் வந்தது. "ஹலோ, பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து பேசுறேன்மா. மேரா தலை இருக்கா?" வயதாகியிருந்தது, ஆனால் அதே குரல்தான். கடைப் பெயரைச் சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேட்டேன். சொன்னார். புது வாடிக்கையாளர்களுக்குக் கடைசியில்தான் பங்கு என்பது எங்கள் இடத்து வழக்கம். அந்த வழக்கத்தை நான் அவருக்கு ஒரு நூல்கூடப் பிசகாமல் கடைப்பிடித்தேன். மற்றவர்களையாவது வருஷம் ஒன்று ஆனதும் வரிசையில் மேலே ஏற்றிவிடுவேன். அவரை ஏற்றவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவர் கூடுதலாகக் கேட்கும்போதெல்லாம் "சாரி ஆன்டி, முடிஞ்சிருச்சு" என்று சொல்வதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது என் மகள் குப்புறக் கவிழத் தொடங்கியிருந்தாள். அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். வேலையில் இருக்கும்போது பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று சந்தேகம் வந்து அம்மாவை அழைப்பேன், அழைத்ததற்கு வெட்கப்படுவேன், மறுபடியும் அழைப்பேன். ஸ்டோர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுக்கும்போதுதான் முதலாளியம்மாவைப் பற்றி அதிகம் யோசித்தேன். கோபத்தோடு பால் கொடுத்தால் பிள்ளைக்கு வயிற்றை வலிக்கும் என்று அம்மா சொல்வார். படித்ததை வைத்துப் பார்த்தால் அதில் உண்மையில்லை. ஆனாலும் சில நாள் அந்தப் புட்டிகளைக் கொட்டிவிடலாமா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் எங்களுக்கு மீன் அனுப்புகிற நாட்டில் பருவம் தப்பிய புயல். படகுகள் கரையிலேயே கிடந்தன. வர வேண்டிய கண்டெய்னர் பாதி காலியாக வந்தது, வந்த பாதியும் சின்னத் தலைகள். வழக்கம்போல் கடைசியில் அவருக்கு மூன்று பெட்டி மிஞ்சியது. லோரி போய்ச் சேர்ந்ததும் தொலைபேசி வந்துவிட்டது.

"ஏம்மா, என்னா தலை இது? பூனைக்குப் போடுறதா?"

"வந்ததே இவ்ளோதான் ஆன்டி."

"சும்மா கதை வுடாத லா. பெரிய தலைய எல்லாம் எடுத்து வேற கடைக்குத் தள்ளிட்ட. எத்தன வருசமா கடை நடத்துறேன், எனக்குத் தெரியாதா ஒங்க திருட்டுத்தனம்?"

என் வாழ்க்கையில் இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு முறை வராது என்று புரிந்தது. "நேர்ல வாங்க ஆன்டி. நீங்களே பாத்துக்குங்க," என்றேன்.

வாடகைக் காரில் வந்து இறங்கினார். அதே கண்ணாடி, அதே பவுடர். முழங்கால் வலியில் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. கிடங்கு ஊழியர்கள் போடும் கனத்த ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தேன். அதற்குள் அவர் மிகச் சிறியவராகிவிட்டார். பாவமாக இருந்தது என்று எழுதக் கை வருகிறது, ஆனால் அப்போது எனக்குப் பாவமாக இல்லை. மூச்சு புகையாக வெளியேறும் அந்தக் குளிர் அறையில், மற்ற கடைகளுக்கு வைத்திருந்தவற்றைப் பெட்டி பெட்டியாக உடைத்துக் காட்டச் சொன்னேன். எங்கள் இரண்டு லோடிங் அண்ணன்மார் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். எல்லாத் தலையும் ஒரே மாதிரி, என் உள்ளங்கை அளவுக்கு. அவர் ஒவ்வொரு பெட்டியிலும் கையை விட்டு அடிவரை தேடினார். விரல்கள் சிவந்துவிட்டன.

"இன்னும் நம்பிக்கை வரலன்னா சொல்லுங்க ஆன்டி," என்றேன். "கடையில சூடம் இருக்கும். வாங்கிட்டு வரச் சொல்றேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ அந்தச் சமையக்காரி மவளா?"

"ஆமா."

"மூட்டை மேல ஒக்காந்திருப்ப." குரல் தாழ்ந்துவிட்டது. பிறகு, நான் கேட்காமலேயே, ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு சொன்னார்: "ஒங்கம்மா எடுக்கல. எனக்கு அப்பவே தெரியும்."

அறியாமல் செய்துவிட்டேன் என்று அழுவார், நான் மன்னிக்காமல் நிற்பேன் என்றுதான் இத்தனை காலம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். தெரியும் என்ற சொல் அந்த ஒத்திகையில் இல்லை.

"தெரியுமா?"

"சட்டிய மாத்துனதே நான்தானம்மா. மீன் சிறுத்துப்போச்சுன்னு தெரியாமலா சின்ன சட்டி வாங்குவேன்? கஸ்டமர் எல்லாம் மூஞ்சில துப்பாத கொறையா கேக்குறான். கடல்ல மீன் இல்லன்னு சொன்னா யாரு கேப்பா? பக்கத்துக் கடைக்குப் போயிருவான். யாரயாச்சும் கைகாட்டணும்ல. ஒங்கம்மா எதுத்துப் பேசாத ஆளு."

லோடிங் அண்ணன்மார் பெட்டிகளை மூடாமல் நின்றுவிட்டார்கள். நான் கைப்பேசியை எடுத்து வீட்டுக்குக் காணொளி அழைப்பு போட்டேன். "இத எங்கம்மாகிட்ட சொல்லுங்க. அப்பறம்தான் மீன்."

திரையில் முதலில் என் மகளின் நெற்றி வந்தது, பிறகு அம்மாவின் முகம். நான் எதுவும் சொல்லாமல் கைப்பேசியை முதலாளியம்மாவிடம் திருப்பினேன். அவர் கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. துடைத்துக்கொண்டு, "நான்தான்... பிரிக்பீல்ட்ஸ் கடை. நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சூடம் ஏத்தினேன். தப்புதான்," என்றார். அம்மா அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். கோபமும் இல்லை, கண்ணீரும் இல்லை. மேசையில் இருக்கும் காயை வாங்கலாமா வேண்டாமா என்று பார்ப்பது போல் பார்த்தார். பிறகு, "புள்ள தூங்குற நேரம்," என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

அவருக்கு நான் கூடுதலாக ஐந்து பெட்டி கொடுத்தேன். கொடுக்காமல் அனுப்பியிருக்கலாம். அலுவலக வாசலில் அவர் காருக்காகக் காத்திருந்தபோது, இப்போது கடையில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்டேன். கணவனில்லாத ஒருத்தி, கடல் தாண்டி மேடானில் இருந்து வந்தவள், நன்றாகச் சமைப்பாள் என்றார். மீன் போகாவிட்டால் அடுத்து யாரைக் கைகாட்டுவார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் எண்ணை வாங்கிக்கொண்டேன். இனி லோரி கிளம்புமுன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து படமெடுத்து அவளுக்கும் முதலாளியம்மாவுக்கும் சேர்த்தே அனுப்பப் போகிறேன் என்று சொன்னேன். கடலிலிருந்து என்ன வந்தது என்பதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். முதலாளியம்மா என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "ஒங்கம்மா மாதிரி இல்ல நீ," என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா என்ன சொல்வார் என்று யோசித்தேன். அழுவார் என்று நினைத்தேன். காலமான அப்பாவின் படத்துக்கு விளக்கேற்றி வைத்திருப்பார் என்றும் நினைத்தேன். போய்ச் சேர்ந்தபோது அவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, என் மகளுக்குச் சோற்றில் மீனைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு துணுக்கையும் விரலால் நசுக்கி முள் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மீன் குடுத்தியா அவளுக்கு?"

"குடுத்தேன்மா."

"எத்தன பெட்டி?"

சொன்னேன். அம்மா பிசைவதை நிறுத்தினார். "ஏன் குடுத்த?"

"அவங்கதான் சொல்லிட்டாங்களே... ஒங்க பேரு..."

"நான் கேட்டேனா? எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? அவ வந்து சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்கணுமா?" அம்மாவின் குரல் உயரவில்லை. "அந்தக் கடைய மூடணும்னு ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் வேண்டிக்கிட்டு இருக்கேன். கைக்கு வந்தத நீ பெட்டி கட்டி அனுப்பிட்டு வந்திருக்க."

இத்தனை வருஷமும் அம்மா மறந்துவிட்டார், நான்தான் அவருக்காகவும் சேர்த்துச் சுமக்கிறேன் என்று நம்பியிருந்தேன். அந்த மேடான் பெண்ணைப் பற்றிச் சொன்னேன், படங்களைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அது சரிதான் என்பது போல் தலையை மட்டும் அசைத்தார்.

"அடுத்த கண்டெய்னர் எப்ப?"

"தெரியலம்மா. அங்கயும் தண்ணி சூடாயிருச்சாம். மீன் ஆழத்துக்குப் போயிருச்சுன்னு சொல்றாங்க. வராமகூடப் போகலாம்."

"வரலன்னா அவ கடை என்னாவும்?"

"ரெண்டு மாசம் தாங்காது."

அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. பிறகு அவர் என்னைப் பார்த்தார், மடியில் வாயைத் திறந்துகொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார். "வரலன்னா ஒன் வேலை?"

அதை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. கிடங்கில் ஒரு அறையை ஏற்கெனவே அணைத்துவிட்டார்கள், ஆட்களைக் குறைப்பதாகப் பேச்சிருந்தது. அம்மாவைப் பார்க்காமல் பிள்ளையின் கன்னத்தில் ஒட்டியிருந்த சோற்றை எடுத்தேன். அவர் தட்டிலிருந்த கடைசித் துணுக்கை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இன்னொரு முறை முள் பார்த்தார்.

"பாத்துக்கலாம்," என்றார், அதைப் பேத்தியின் வாயில் வைத்துக்கொண்டே. "அவ மொதல்ல மூடட்டும்."